ஆயிரத்துக்கு எவ்வளவு ஓடும்?

என் காரைப் பார்க்கிறவர்கள் அதன் வேகத்தைப் பற்றிக் கேட்பதில்லை. எந்த வருஷத்து வண்டி என்றும் கேட்பதில்லை. "ஆயிரத்துக்கு எவ்வளவு ஓடும்?" என்றுதான் கேட்கிறார்கள். மதுரங்குளிச் சந்தியில் கடைக்காரர் கேட்கிறார். கற்பிட்டியில் மீன் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு ஒருவன் கேட்கிறான். பெண்பிள்ளையோடு நேருக்கு நேர் கதைக்கக் கூடாது என்று கண்ணைக் கீழே போட்டுக்கொண்டு போகிற ஆட்கள்கூட, நின்று, இந்த ஒரு கேள்வியை என் டயரைப் பார்த்துக் கேட்டுவிட்டுத்தான் போகிறார்கள்.

எங்கள் புத்தளம் பக்கத்தில் யாரும் லீற்றர் கணக்கில் எண்ணெய் அடிப்பதில்லை. பெற்றோல் செட்டுக்குப் போனால் "ஆயிரத்துக்கு அடிங்க" என்பார்கள். கையில் ஐந்நூறு இருந்தால் ஐந்நூறுக்கு. நானும் அப்படித்தான். ஃபுல் டேங்க் அடிக்கிறவர் ஒன்றில் ஹாஜியார், இல்லையென்றால் கொழும்பிலிருந்து கடலில் காற்றாடிப் பலகை ஓட்ட வந்தவர். ஆகவே ஒரு வண்டி எவ்வளவு குடிக்கிறது என்பதையும் ரூபாயில்தான் அளக்கிறார்கள். பிழையான அளவு அது. பெற்றோல் விலை ஏறினால், "முந்தி ஆயிரத்துக்கு நல்லா ஓடின வண்டி, இப்ப குடிக்குது" என்று மெக்கானிக்கிடம் கொண்டுபோய் விடுகிற ஊர் இது. வண்டி அதே வண்டிதான். ஆயிரம்தான் சுருங்கிப் போனது. இதைச் சொன்னால் என்னைத்தான் விசித்திரமாகப் பார்ப்பார்கள்.

இந்தப் பிழையான அளவை வைத்து என் வீட்டு ஆட்கள் என் காரை விற்கப் பார்த்தார்கள். விற்க விடவில்லை. அதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் கார். இரண்டு கதவு, இரண்டு சீற், துணிக் கூரை. யப்பான்காரன் செய்தது. இருபது வயதைத் தாண்டியது. சிவப்பு என்று பதிவில் இருக்கிறது, இப்போது செங்கல் நிறம். நான் குவைத்தில் வீட்டு வேலை செய்த காசில் வாங்கினேன். அங்கே வீட்டுக்காரரின் மகனிடம் இப்படி ஒன்று இருந்தது. தினமும் காலையில் அதை நான்தான் கழுவினேன். பாலைவனத்துப் புழுதியைத் துடைத்துத் துடைத்து அந்த வண்டியின் ஒவ்வொரு மடிப்பும் எனக்குத் தெரியும். ஒரு நாளும் உள்ளே உட்கார்ந்தது இல்லை. ஆசைப்பட்டேன். ஆசைப்பட்டேன் என்று சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. ஆம்பிளை ஆசைப்பட்டால் ரசனை என்கிறார்கள், நான் ஆசைப்பட்டால் பைத்தியம் என்கிறார்கள்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் நான் லீவில் வரும்போது வீட்டில் வேன் பிடித்துக் கட்டுநாயக்கா எயார்போட்டுக்கு வருவார்கள். நானா என்று நாங்கள் சொல்கிற என் அண்ணன், அவர் மனைவி மதினி, மாமாமார், மாமாமாரின் பிள்ளைகள், பக்கத்து வீட்டார், அவர்களுக்குத் தெரிந்தவர்கள். வேன் நிறைய ஆட்கள். என்னைக் கட்டிப்பிடித்து அழுவார்கள். பிறகு நான் பின் சீற்றில், மடியில் பெட்டியை வைத்துக்கொண்டு, யாரோ ஒரு பிள்ளை என் தோளில் வாந்தி எடுக்க, புத்தளம் வரைக்கும் வருவேன். வழியில் சாப்பாடு என் காசு. வேன் ஹயர் என் காசு. கடைசி முறை வந்தபோது அந்தப் பின் சீற்றில்தான் முடிவு எடுத்தேன். நான் வண்டி வாங்கினால், அதில் எனக்கு ஒரு சீற் இருக்கும், இன்னும் ஒரு சீற் இருக்கும். அதற்கு மேல் ஒன்றும் இருக்காது.

வாங்கிக் கொண்டுவந்த அன்றைக்கு நானா காரைச் சுற்றி வந்தார். பின்பக்கக் கதவைத் தேடினார்.

"பின்னால எங்க ஏர்றது?"

"பின்னால ஒண்டும் இல்ல நானா."

"அப்ப நாங்க?"

அன்றைக்கே அவருக்கு அந்தக் காரைப் பிடிக்காமல் போய்விட்டது. பெற்றோல் கதை எல்லாம் பிறகு வந்தது.

வாங்கும்போது விற்றவன் லீற்றருக்குப் பதினாறு செய்யும் என்றான். பொய். ஸ்போர்ட்ஸ் கார் விற்கிற யாரும் உண்மை சொல்வதில்லை. புத்தளம் டவுணுக்குள் ஓடினால் ஒன்பது, பத்து. பாலாவியில் திரும்பிக் கற்பிட்டி றோட்டில் பேசாமல் அறுபதில் போனால் பன்னிரண்டு, பதின்மூன்று. காலை உள்ளே அமத்தினால் எட்டுக்குக் கீழே இறங்கிவிடும். எல்லாம் காலில் இருக்கிறது. தொண்ணூற்றைந்து ஒக்டேன்தான் அடிக்க வேண்டும் என்றும் அவன் சொன்னான். கொஞ்ச நாள் அடித்தேன். பிறகு தொண்ணூற்றிரண்டு அடித்தேன். எனக்கும் வித்தியாசம் தெரியவில்லை, வண்டிக்கும் தெரியவில்லை.

பெற்றோலை விட மற்றச் செலவுதான் என்னைக் கடித்தது. அதை யாரும் கேட்பதில்லை, நானே சொல்கிறேன். டயர் அகலம், உயரம் குறைவு. அந்த அளவு புத்தளத்தில் இல்லை, கொழும்பில் பஞ்சிகாவத்தையில் தேட வேண்டும். இன்சூரன்ஸ்காரன் "ஸ்போர்ட்ஸ்" என்ற சொல்லைக் கேட்டதும் முகத்தை மாற்றினான். "மிஸ், இத ஓட்டப் போறது ஆரு?" என்றான். நான்தான் என்றேன். "உங்கட மகன் இல்லயா?" என்றான். எனக்கு மகன் இல்லை, கலியாணமே இல்லை என்றேன். அதற்கு ஒரு கூடுதல் போட்டானா என்று எனக்கு இன்னும் சந்தேகம். பள்ளிக்கூடத்து முன்னால் போட்டிருக்கிற மேடுகளில் வயிறு உரசும். துணிக் கூரை மழைக்கு ஒழுகும். எல்லாவற்றையும் விடப் பெரிய எதிரி உப்பு. இங்கே காற்றிலேயே உப்பு இருக்கிறது. ஒரு பக்கம் உவர்நீர்க் களப்பு, ஒரு பக்கம் கடல், நடுவில் உப்பளம். யப்பானிலிருந்து வந்த இரும்பை இந்தக் காற்று பிஸ்கட் மாதிரித் தின்னும். அதனால் வாரத்துக்கு ஒரு முறை வண்டியின் அடியில் படுத்து நல்ல தண்ணீர் அடித்துக் கழுவுகிறேன். குடிக்கிற தண்ணீருக்கே கஷ்டப்பட்டு வளர்ந்தவள் நான். தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்து ஓலைக் கொட்டிலில் இருந்த காலத்தில் ஒரு குடத்துக்குச் சண்டை பிடித்திருக்கிறேன். இப்போது காருக்கு ஊற்றுகிறேன். இதற்காகவும் கதைக்கிறார்கள். "அகதிக்குக் கார் கேக்குது" என்று ஒருத்தி சொன்னாள். ஓம், கேட்கிறது.

வண்டி எனக்கு உழைக்கவும் செய்கிறது. நான் அபாயா தைத்துக் கடைகளுக்குப் போடுகிறேன். மதுரங்குளி, நுரைச்சோலை, கற்பிட்டி. பின்னால் இருக்கிற பெட்டியில் இரண்டு பை கொள்ளும். எனக்கு இரண்டு பைதான் வாரத்துக்கு முடியும். அளவு சரி.

பெற்றோல் இல்லாமல் ஊரே றோட்டில் நின்ற அந்த வருஷத்தில் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். "இப்ப ஓட்டு பாப்பம், ஸ்போர்ட்ஸ் கார்" என்றார்கள். கியூவில் ஜீப்காரர்களும் வேன்காரர்களும் ஒவ்வொரு அடிக்கும் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, இருந்த கொஞ்சத்தையும் எரித்தார்கள். என் கார் எடை குறைவு. கதவைத் திறந்து, ஸ்டியரிங்கைப் பிடித்து, ஒரு தோளால் தள்ளினால் போகும். செட் வரைக்கும் தள்ளிக்கொண்டே போனேன். அபாயாவோடு, வெயிலில். சிரித்தவர்களில் ஒருவர்கூட இறங்கிக் கை கொடுக்கவில்லை. தேவையும் இருக்கவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

கற்பிட்டிப் பக்கம் கண்டக்குழியில் வெள்ளைக்காரர் வந்து தங்குகிற இடங்கள் கூடிவிட்டன. நானாவுக்கு ஒரு யோசனை வந்தது. என் காரை விற்பது, அந்தக் காசில் ஒரு பழைய டீசல் வேன் வாங்குவது, நானா ஹயர் ஓடுவது. ஹயர் இல்லாத நாளில் குடும்பத்துக்கு வேன் இருக்கும். வேனையும் பார்த்துவிட்டார். விலையும் கதைத்துவிட்டார். என்னிடம் கடைசியாகத்தான் சொன்னார். பதிவு என் பெயரில் இருக்கிறபடியால் சொல்ல வேண்டி வந்தது.

நான் ஏலாது என்றேன். அதற்காக ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு நானாவின் வீட்டில் கூடினோம். என் வீடும் அவர் வீடும் ஒரே வளவு, நடுவில் ஒரு தகர வேலி. மாமாவைக் கூப்பிட்டிருந்தார். உம்மாவின் தம்பி. ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர், பள்ளிவாசல் நிருவாகத்தில் இருப்பவர். நல்ல கதிரை அவருக்கு. மதினி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவடியில் நின்றா.

மாமா ஒரு மிடறு குடித்துவிட்டுச் சொன்னார்: "புள்ள, இது இஸ்ராப்."

"எது மாமா?"

"வாசல்ல நிக்கிதே, அது. ரெண்டு பேர் போறதுக்கு ஒரு வண்டி. வீண்விரயம். வீட்டு முன்னுக்கு ஒரு குடிகாரனக் கட்டி வச்சிருக்கிறாய்."

நானா சிரித்தார். குடிகாரன் என்பது அவர் வைத்த பெயர். மாமாவுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

எனக்குச் சூடு ஏறியது. "நீங்க இங்க எதுல வந்தீங்க மாமா?"

"ஜீப்புல."

"பெற்றோலா டீசலா?"

"பெற்றோல்."

"ஆரோட வந்தீங்க?"

"தனியத்தான் வந்தன். ஏன்?"

"ஜீப்புல எத்தன சீற் மாமா?"

கதவடியில் தட்டில் இருந்த கோப்பைகள் கிலுங்கின. மதினி சிரிப்பை அடக்கினா. மாமா தேத்தண்ணியைக் கீழே வைத்தார்.

"பொம்புளப் புள்ளக்கு வாய் இவ்வளவு நீளம் கூடாது."

"வாய்க்கு பெற்றோல் போகாது மாமா."

"கதைய மாத்தாத," என்று நானா இடையில் வந்தார். "நான் கணக்கோடதான் கதைக்கிறன். அந்த வேன் ஆயிரத்துக்கு அடிச்சா கற்பிட்டிக்குப் போய்த் திரும்பி வரும். விக்கிற ஆள் சத்தியம் பண்ணிச் சொல்றான். உன்ட குடிகாரன் ஆயிரத்துக்கு வழியில இருக்கிற எத்தாளையத் தாண்டுமா?"

"எப்ப போய் வந்ததாம்?"

"என்ன எப்ப? எப்பவும்தான்."

"இல்ல நானா. எந்த வருஷத்து ஆயிரத்துக்குப் போய் வந்ததாம்?"

நானா என்னைப் பார்த்தார். பிறகு மாமாவைப் பார்த்தார். பிறகு இரண்டு கையையும் விரித்தார்.

"இவளுக்கு மண்டை பிழைச்சுப் போச்சு மாமா. ஆயிரம் ஆயிரம்தானே!"

மாமாவும் தலையை ஆட்டினார். "ஆயிரம் ஆயிரம்தான்."

வேன் விற்கிறவன் பொய் சொல்லவில்லை என்று எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. டீசல் மலிவாக இருந்த காலத்தில் அவன் உண்மையாகவே ஆயிரத்துக்குப் போய் வந்திருப்பான். அதைத் தலையில் அப்படியே வைத்திருக்கிறான். விலை ஏறியது, கணக்கு ஏறவில்லை. நான் சொல்லி இவர்களுக்கு விளங்கப் போவதில்லை. ஓடிக் காட்டினால்தான் விளங்கும்.

"சரி," என்றேன். "வேனக் கொண்டு வாங்க. வெறும் டேங்க்ல ஆயிரத்துக்கு அடிங்க. கற்பிட்டிக்குப் போய்த் திரும்பி வந்தா நான் கார வித்து உங்கட கையில காசத் தாறன். வராட்டி இந்தக் கதைய இனி ஒருத்தரும் எடுக்கக் கூடாது. மாமா சாட்சி."

மாமா "இன்ஷா அல்லாஹ்" என்றார். நானாவுக்குச் சந்தோஷம். அன்றிரவே வேன்காரனுக்கு ஃபோன் பண்ணினார்.

கணக்கு சரி என்று தெரியும். ஆனாலும் என் பெயரில் இந்த உலகத்தில் இருப்பது ஒரு சின்ன வீடும் அந்தக் காரும்தான். வீட்டைக் கட்டும்போது எல்லாருக்கும் அதில் ஒரு பங்கு வந்துவிட்டது. ஒரு அறையில் மாமாவின் அலுமாரி நிற்கிறது. காரில் மட்டும்தான் ஒருவருடைய சாமானும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நானா வேனை ஓட்டிக்கொண்டு வந்தார். எண்ணெய் முடிந்ததற்கான சிவப்பு வெளிச்சம் எரிந்துகொண்டிருந்தது. நானா, மாமா ஏறினார்கள். மதினியும் கடல் பார்த்து நாளாகிவிட்டது என்று ஒரு சாப்பாட்டுப் பொதியோடு ஏறினா. நான் என் காரில் பின்னால்.

பாலாவிச் சந்தியில் செட். நானா "ஆயிரத்துக்கு" என்றார். மெஷினில் ரூபாய் ஓடுவதையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆயிரம் வந்ததும் திருப்தியாகத் தலையை ஆட்டினார். அதற்குக் கீழே லீற்றர் ஓடுகிறது, அதை அவர் பார்க்கவில்லை. மூன்றரைக்குக் கொஞ்சம் கூட. நான் பார்த்தேன். பிறகு என் காரைக் கொண்டுபோய் நிறுத்தி, வாழ்க்கையில் முதல் தடவையாக, "ஃபுல் டேங்க்" என்றேன். திரும்பி வந்து அதே இடத்தில் அதே மட்டத்துக்கு அடித்தால் எவ்வளவு குடித்தது என்று தெரியும். அதுதான் சரியான அளவு. செட்காரன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான்.

வேன் புகை கக்கிக்கொண்டு முன்னால் போனது. நான் கண்ணாடியை ஏற்றிவிட்டு அறுபதில் போனேன். உப்பளம் முடிந்து தென்னந்தோட்டம், தென்னந்தோட்டம் முடிந்து வெங்காயப் பாத்தி. நடுறோட்டில் கழுதைகள் நின்றன. வேன் ஹோன் அடித்தது, கழுதை அசையவில்லை. நானா இறங்கிக் கல் எடுத்தார், அப்போதுதான் அசைந்தது. நுரைச்சோலை தாண்டியது. நிலக்கரிப் புகைக்குழாய் பின்னால் போனது. காற்றாலைகள் வந்தன. வேன் இன்னும் ஓடியது. ஒருவேளை சிவப்பு வெளிச்சத்துக்குக் கீழேயும் நிறைய டீசல் கிடந்ததோ? வேன்காரன் வேண்டுமென்றே விட்டு வைத்தானோ?

எத்தாளைக்குள் நுழையும்போது வேன் ஒரு தரம் இழுத்தது. இரண்டாம் தரம் குலுங்கியது. பிறகு தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு றோட்டோரத்து மணலில் போய் நின்றது.

நானா இறங்கி, சீற்றைத் தூக்கி, எஞ்சினைப் பார்த்தார். "எயார் புடிச்சிருக்கு," என்றார்.

"டீசல் முடிஞ்சுது நானா."

"பொய் சொல்லாத! ஆயிரத்துக்கு அடிச்சது!"

"ஆயிரம் முடிஞ்சுது."

வேனின் டேங்கில் தட்டிப் பார்த்தார். வெறும் தகரம் மாதிரிச் சத்தம் கேட்டது. பிறகு விற்கிறவனுக்கு ஃபோன் பண்ணி ஏசினார். அவன் அந்தப் பக்கம் சத்தமாகச் சொன்னது எனக்கும் கேட்டது: "அது டீசல் விலை ஏற முந்தி நானா!"

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் பல்லெல்லாம் தெரிந்திருக்கும்.

யாராவது போய் டீசல் வாங்கி வர வேண்டும். ஓடுகிற வண்டி ஒன்றுதான் நின்றது. மாமா நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "நானும் வாறன், இந்த வெயில்ல நிக்கேலாது," என்றார். வந்து என் காரின் கதவைத் திறந்தார். ஒரு காலை வைத்தார். மற்றக் காலுக்கு இடம் தேடினார். குனிந்தார், தொப்பி கூரையில் முட்டி விழுந்தது. வயிறு ஒரு பக்கம், முழங்கால் ஒரு பக்கம், கதவு ஒரு பக்கம். கொஞ்ச நேரம் போராடிவிட்டு, "லாஹவ்ல வலாகுவ்வத்த..." என்று ஓதிக்கொண்டு பின்னுக்கு வந்தார்.

"இது மனுசன் ஏர்ற வண்டி இல்ல."

"இஸ்ராப்தானே மாமா, நீங்க ஏறவும் கூடாது," என்றேன்.

அவர் பதில் சொல்ல முன் மதினி முன்னால் வந்து, சாப்பாட்டுப் பொதியை மாமாவின் கையில் கொடுத்துவிட்டு, காரில் ஏறிக் கதவைச் சாத்தினா.

"நீ என்னத்துக்கு?" என்றார் நானா.

"கேனப் புடிக்க ஆள் வேணும்தானே."

கிளம்பினோம். மதினி எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து என்னோடு இரண்டு சொல்லுக்கு மேல் கதைத்தது இல்லை. காருக்கு எதிராகவும் கதைக்கவில்லை, ஆதரவாகவும் கதைக்கவில்லை. கொஞ்சத் தூரம் போனதும், "இந்தக் கூரையக் கழட்டலாம் எண்டு சொல்றாங்க, மெய்யா?" என்றா.

"மெய்தான். ஆனா இந்த வெயில்ல கழட்டினாப் பைத்தியம்."

"அப்ப கழட்டுங்க."

நிறுத்திக் கழட்டினேன். மதினி முந்தானையைக் கழுத்தோடு இறுக்கிச் சுற்றிக்கொண்டா. உப்புக் காற்று முகத்தில் அடித்தது. கொஞ்சத் தூரம் போனோம்.

"ஏன் தங்கச்சி, இவ்வளவுதானா ஓடும்? நம்மட முச்சக்கர வண்டிக்காரன் இத விட ஓடுவான்."

"கணக்கு எடுக்கிறன் மதினி. வேகமாப் போனா கூடக் குடிக்கும்."

"குடிக்கட்டும்."

நான் காலை அமத்தினேன். நேர் றோட்டு, ஒரு வாகனமும் இல்லை. காற்றாலைகள் ஒன்றன் பின் ஒன்றாகப் பின்னால் ஓடின. மதினி வாயைத் திறந்து என்னவோ கத்தினா, காற்றில் எனக்கு விளங்கவில்லை. அந்தக் கொஞ்ச நேரத்தில் என் சராசரி நாசமாய்ப் போனது. போகட்டும் என்று விட்டேன்.

செட்டில் டீசலுக்கு நிற்கும்போது மதினி பின்னால் திரும்பிப் பார்த்தா. சீற்றுக்குப் பின்னால் கையை விட்டுத் தடவிப் பார்த்தா.

"மூணாவது ஆள் ஏறவே ஏலாது, என்ன?"

"ஏலாது."

"சின்னப் புள்ளகூட?"

"பூனைகூட ஏலாது."

மதினி கேனை மடியில் வைத்துக்கொண்டு, றோட்டைப் பார்த்தபடி சொன்னா: "வேன் வந்திருந்தா, விடிய முந்தி, சுபஹுக்கும் முந்தி எழும்பி வேன் நிறைய ஆளுக்குச் சோறு கட்ட வேண்டியது நான். வந்து சட்டி கழுவ வேண்டியதும் நான். உங்கட நானா டீசல் கணக்கு மட்டும்தான் பாத்தார்."

இத்தனை நாளும் காரின் செலவைப் பற்றிக் கதைத்தவர்களில் சரியான கணக்குச் சொன்னது அவ ஒருத்திதான். எனக்கும் இது தோன்றவில்லை. பின் சீற்றில் மடியில் பெட்டியோடு இருந்த என்னைப் பற்றி மட்டுமே யோசித்திருக்கிறேன். அந்த வேன்களுக்குச் சோறு கட்டியது யார் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

திரும்பிப் போனபோது மாமா ஒரு தென்னைக்குக் கீழே சாப்பாட்டுப் பொதியை அரைவாசி முடித்திருந்தார். நானா டீசலை ஊற்றினார். டீசல் வண்டி வெறுமையாகிவிட்டால் ஊற்றினதும் ஓடாது, உள்ளே போன காற்றைக் கையால் பம்பு அடித்து வெளியே எடுக்க வேண்டும். நானா சீற்றுக்குக் கீழே தலையை விட்டுக்கொண்டு அடித்தார், அடித்தார், சேட்டு முழுக்க நனைந்தது. அந்த நேரம் பார்த்து மோட்டர் சைக்கிளில் வெங்காய மூட்டை கட்டிக்கொண்டு வந்த ஒருவர் நிறுத்தினார். வேனைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், கூரை திறந்து நின்ற என் காரை நன்றாகப் பார்த்தார்.

"இது ஆயிரத்துக்கு எவ்வளவு ஓடும்?"

"போய்யா அங்கால!" என்று கத்தினார் மாமா.

அன்றைக்குக் கற்பிட்டிக்கு ஒருவரும் போகவில்லை. பாலாவிக்குத் திரும்பி அதே மெஷினில் என் காருக்கு அடித்தேன். ஓடின தூரத்தைப் பிரித்துப் பார்த்தால் லீற்றருக்குப் பதினொன்றும் சொச்சமும். மதினிக்காக அமத்தினதையும் சேர்த்து. வேனுக்கு, சிவப்பு வெளிச்சத்தில் இருந்ததைக் கணக்கில் எடுக்காவிட்டால்கூடப் பத்துக்கு மேல் வராது. நான் செட்டில் நின்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன்.

நானா கையைத் துடைத்துக்கொண்டு என்ன சொன்னார் தெரியுமா? "அது லீற்றர் கணக்கு. ஆயிரத்துக்கு எவ்வளவு எண்டு சொல்லு."

விட்டுவிட்டேன்.

வேன் வாங்கவில்லை. நானா இப்போது கண்டக்குழியில் ஒரு தங்குமிடக்காரரின் வேனைச் சம்பளத்துக்கு ஓட்டுகிறார், டீசல் அவர்கள் காசு. என்னிடம் பிழை என்று ஒரு சொல் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. மாமா பள்ளி முன்னால் நின்று இன்னும் இஸ்ராப் என்கிறார். சொல்லட்டும். என்னைக் கேட்டால், என் வயதில் பாதியை அடுத்தவன் வீட்டுத் தரையைத் துடைத்துக் கழித்து, அதில் எனக்கென்று ஒன்றுமே மிஞ்சாமல் போயிருந்தால் அதுதான் இஸ்ராப். நான் உழைத்து, நானே ஓட்டி, நானே எரிக்கிற பெற்றோல் அல்ல.

செலவு இல்லை என்று நான் சொல்லவில்லை. இரண்டு முன் டயரும் தேய்ந்து கண்ணாடி மாதிரி இருக்கின்றன. கொழும்பில் சொன்ன விலைக்கு இன்னும் எத்தனையோ அபாயா தைக்க வேண்டும். அதுவரைக்கும் மழை பெய்தால் வண்டி எடுப்பதில்லை, பஸ்ஸில் போகிறேன். பஸ்ஸில் கண்டவர்கள் "எங்க கார்?" என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். டயர் தேய்ந்துவிட்டது என்று சொல்கிறேன். தேய்ந்தது ஓடினபடியால்தான்.

போன கிழமை அடியில் படுத்து உப்புக் கழுவிக்கொண்டிருந்தேன். தகர வேலிக்கு அந்தப் பக்கமிருந்து நானாவின் சத்தம் வந்தது.

"தங்கச்சி! மதுரங்குளியில மாமாட மகளுக்குக் கலியாணம். மாமாட ஜீப்பு நிறைஞ்சிட்டு, மிச்ச ஆக்கள் போறதுக்கு வாகனம் இல்ல."

"எத்தன பேர்?"

"ஜீப்புல கொள்ளாத மாமாட வீட்டாக்கள், நாங்க, பக்கத்து வீட்டு ஆக்களும் வாறதாம். ஒரு எட்டுப் பேர் வரும்."

தண்ணீர்க் குழாயை மூடினேன். வெளியே வரவில்லை. அடியில் கிடந்தபடியே சொன்னேன்: "என்ட கார்ல ஒரு சீற்தான் மிச்சம். மதினி வாறதெண்டா ஏத்திக்கொண்டு போறன்."

நானா அந்தப் பக்கம் செருமினார். அதற்குள் குசினிக்குள்ளிருந்து, சட்டி கழுவுகிற சத்தத்துக்கு மேலால், பதில் வந்தது.

"வாறன். கூரையத் தொறந்து வைங்க."